புனித வெள்ளிக் காணிக்கை எங்கே போகிறது? துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்கு உதவுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

புனித வெள்ளி மாலை திருச்சிலுவையை முத்தமிட வரிசையில் போகும்போது பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும். சில்லறையோ நோட்டோ, கையில் இருப்பதைப் போடுவோம். அது பங்கின் செலவுக்கான காணிக்கை இல்லை. புனித நாட்டுக்கான காணிக்கை. நெடுங்காலமாக இருந்துவந்த இந்த வழக்கத்தை 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு மடல் எழுதி ஒழுங்குபடுத்தினார். எருசலேம், பெத்லகேம் என்று நமக்குத் தெரிந்த ஊர்களோடு சிரியா, லெபனான், எகிப்து, ஈராக் போன்ற நாடுகளில் வாழும் கிறிஸ்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆக, துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்கு உதவுவது நமக்குப் புதிய வேலை இல்லை. யாருக்கு என்று தெரியாமலே செய்து வருகிறோம். யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தது என்ன ஆகிறது, அவர்களுக்காக எப்படிச் செபிப்பது என்று தெரிந்துகொண்டால் அதையே இன்னும் நன்றாகச் செய்யலாம். பத்து நாடுகளைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரே ஊரின் கதையைப் பார்த்தால் விஷயம் விளங்கும் என்று நினைக்கிறேன். ஈராக்கின் வடக்கே, நினிவே சமவெளியில் இருக்கும் கராகோஷ் அந்த ஊர்.

அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். கிறிஸ்தவர்கள் படும் கஷ்டம் எல்லாமே துன்புறுத்தல் ஆகிவிடாது. விலைவாசியும் போரும் வறட்சியும் எல்லாரையும்தான் வாட்டுகின்றன. கிறிஸ்தவர் என்பதற்காகவே ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டால், வீடு எரிக்கப்பட்டால், பொய் வழக்கு போடப்பட்டால், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டால் அது துன்புறுத்தல். வட கொரியாவில் அதை அரசே செய்கிறது. நைஜீரியாவின் வடகிழக்கில் போகோ ஹராம் போன்ற ஆயுதக் குழுக்கள் செய்கின்றன. பாகிஸ்தானில் தெய்வநிந்தனைச் சட்டத்தால் ஒரு வாய்த்தகராறுகூட மரண தண்டனை வரை போக முடியும். இடத்துக்கு இடம் காரணம் வேறு என்பதால் தேவைப்படும் உதவியும் வேறு.

ஒரே இரவில் காலியான ஊர்

கராகோஷை அங்குள்ளவர்கள் பக்தீதா என்றும் அழைப்பார்கள். மோசுல் நகருக்குத் தென்கிழக்கே, சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர். ஈராக்கின் கிறிஸ்தவ ஊர்களில் மிகப் பெரியது. பெரும்பாலோர் சிரியக் கத்தோலிக்கர்; சிரிய ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களும் உண்டு. வீட்டில் பேசுவது இயேசு பேசிய அரமேயத்தின் இன்றைய வடிவம். அந்த மண்ணில் திருச்சபை வேர்விட்டது முதல் நூற்றாண்டுகளில். திருத்தூதர் தோமாவைத் தங்கள் விசுவாசத்தின் தந்தை என்று அவர்களும் கொண்டாடுகிறார்கள். மோசுலில் அவர் பெயரில் பழைய கோவில் ஒன்று இருக்கிறது. சென்னைப் பரங்கிமலைக் கோவிலின் பீடத்தில் உள்ள கற்சிலுவையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சுற்றிச் செதுக்கிய, பண்டைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் நினைவிருக்கும். பாரசீகத் திருச்சபையோடு நமக்கு இருந்த பழைய உறவின் சாட்சி அது. அந்தத் திருச்சபையின் வழிவந்த மக்கள்தான் இன்றும் நினிவே சமவெளியில் வாழ்கிறார்கள்.

2003 போருக்கு முன் ஈராக்கில் பத்து லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று இரண்டரை லட்சத்துக்கும் குறைவு என்கின்றன பெரும்பாலான மதிப்பீடுகள். இந்தத் தேய்வு ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2007இல் மோசுலில் ரகீத் கன்னி என்ற இளம் குருவையும் அவரோடு மூன்று துணைத் திருத்தொண்டர்களையும் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு அதே நகரின் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹ்ஹோ கடத்தப்பட்டார். இரண்டு வாரங்களில் அவர் உடல்தான் கிடைத்தது. 2010 அக்டோபர் 31 அன்று பாக்தாதின் மீட்பின் அன்னை பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது தீவிரவாதிகள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். பலியானவர்களில் இரண்டு இளம் குருக்களும் இருந்தார்கள்.

2014 ஜூனில் மோசுல் ஐஎஸ் கையில் விழுந்தது. கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் ‘ந’கர ஒலிக்கான அரபு எழுத்தைப் பூசினார்கள். நஸ்ரானி, அதாவது கிறிஸ்தவர் வீடு என்ற அடையாளம். ஜூலையில் அறிவிப்பு வந்தது: மதம் மாறு, அல்லது தனி வரி கட்டு, அல்லது வெளியேறு, இல்லையேல் வாள். வெளியேறியவர்களிடம் சோதனைச் சாவடியில் நகையையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ஆகஸ்ட் 6, ஆண்டவரின் உருமாற்றத் திருநாள். அன்று கராகோஷின் மேல் குண்டு விழுந்து இரண்டு சிறுவர்களும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். காவலுக்கு நின்ற குர்திஷ் படை அன்றிரவே பின்வாங்கியது. விடிவதற்குள் ஊர் காலி. நினிவே சமவெளி முழுவதிலுமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் உடுத்த துணியோடு ஈராக்கின் குர்திஷ் பகுதியில் உள்ள எர்பில், தோஹுக் நகரங்களுக்குப் போனார்கள்.

பணம் எந்தெந்த வேளையில் என்ன செய்கிறது

எர்பிலை ஒட்டிய அங்காவா கிறிஸ்தவர்கள் நிறைந்த பகுதி. அங்கே கோவில் வளாகங்கள், பள்ளி வகுப்பறைகள், கட்டி முடியாத கட்டடங்கள் என்று இடம் கண்ட பக்கமெல்லாம் மக்கள் படுத்தார்கள். ஆகஸ்ட் மாதத்து ஈராக் வெயில் 40 பாகையைத் தாண்டும். குடிநீர், மெத்தை, மருந்து, குழந்தைகளுக்குப் பால் மாவு, இவைதான் அன்றைய தேவை. உலகத் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சிகளைக் காட்டிய வாரங்களில் பணமும் வந்தது. இது முதல் கட்டம். இதற்குக் கொடுக்க மனிதர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் குளிர்காலம் வந்தது. கூடாரத்தில் இருந்தவர்களைக் கண்டெய்னர் வீடுகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிறகு வாடகை வீடுகள், ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள். மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். அதுவரை ஊரில் கடை வைத்திருந்தவரும் ஆசிரியராக இருந்தவரும் நிவாரண வரிசையில் நிற்கும் அவமானத்தோடு நாட்களைத் தள்ள வேண்டும். இப்படியே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போனது. இந்த இரண்டாம் கட்டத்தில் கேமராக்கள் இல்லை. வாடகைக்குக் காணிக்கை கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறாது. ஆனால் அந்த வாடகையைக் கட்டியிருக்காவிட்டால் அந்தக் குடும்பங்கள் அப்போதே ஆஸ்திரேலியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ சிதறியிருப்பார்கள். திரும்பிப் போக ஓர் ஊரே மிஞ்சியிருக்காது. உதவி செய்ய நினைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த மௌனமான மாதங்களைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

2016 அக்டோபரில் கராகோஷ் மீட்கப்பட்டது. திரும்பிப் பார்க்க வந்தவர்கள் கண்டது எரிந்த வீடுகளை. அமல அன்னையின் பெயரில் உள்ள அல்தாஹிரா பேராலயத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். உள்ளே தூண்கள் கரியாகிக் கிடந்தன. அதன் முற்றத்தைத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். சமவெளியின் கிறிஸ்தவ ஊர்களில் மொத்தம் சுமார் 13,000 வீடுகள் சேதமடைந்திருந்தன.

இங்கேதான் மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. 2017 மார்ச்சில் கல்தேய, சிரியக் கத்தோலிக்க, சிரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் மூன்றும் சேர்ந்து நினிவே மறுசீரமைப்புக் குழுவை அமைத்தன. பல நூற்றாண்டுகளாகத் தனித்தனியே நின்ற சபைகள் சிமெண்டுக்கும் செங்கல்லுக்குமாக ஒரே மேசையில் உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை. குழு வீடு வீடாகக் கணக்கெடுத்து, முழுக்க இடிந்தது, எரிந்தது, ஓரளவு சேதமானது என்று பிரித்தது. இதில் எய்ட் டு த சர்ச் இன் நீட் என்ற கத்தோலிக்க அமைப்பு பெரும்பங்கு எடுத்தது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற பொதுநிலையினர் சங்கம் பக்கத்து ஊரான கராம்லெஸுக்கு மட்டும் 20 லட்சம் டாலர் தந்தது. டெல் ஸ்குஃப் ஊரைச் சீரமைக்க ஹங்கேரி அரசு உதவியது. கராகோஷ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊர் திரும்பினார்கள். மீதிப் பாதி திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடு கட்டினால் போதுமா? போதாது. வேலை இல்லாத ஊரில் இளைஞர்கள் தங்க மாட்டார்கள். எர்பிலின் கல்தேயப் பேராயர் பஷார் வார்தா 2015இல், அகதிகள் இன்னும் கண்டெய்னரில் இருந்தபோதே, அங்காவாவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். பசியில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கலாம். தன் பிள்ளை இங்கேயே படித்து இங்கேயே வேலை பார்ப்பான் என்று ஒரு தகப்பன் நம்பினால்தான் அந்தக் குடும்பம் விசா வரிசையில் நிற்காது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை தருவதும் துன்புறுத்தப்படும் திருச்சபைக்குச் செய்யும் காணிக்கைதான். கிறிஸ்தவரோடு முஸ்லிம் மாணவர்களும், யசீதி என்ற சிறுபான்மை மதத்து மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். ஐஎஸ் கொடுமையில் கிறிஸ்தவர்களைவிடக் கடுமையாக அடிபட்டவர்கள் சிஞ்சார் மலைப்பகுதியின் யசீதிகள். நம் ஆட்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் உதவியை அந்த மண்ணின் திருச்சபையே விரும்பவில்லை.

ஏன் அந்த ஊர்த் திருச்சபை வழியாக?

தூரத்தில் இருக்கும் நமக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று தெரியாது. பங்குத்தந்தைக்கும் கன்னியருக்கும் தெரியும். அவர்களும் அதே மக்களோடு ஓடிவந்தவர்கள். வேலை முடிந்தது என்று விமானம் ஏறிப் போகிறவர்களும் இல்லை. அதனால் ஓர் அமைப்புக்குக் கொடுக்குமுன் முதலில் கேட்க வேண்டியது, அங்கே யார் கையில் பணம் சேர்கிறது என்பதுதான்.

இந்த முறை திருத்தூதர் பவுல் காலத்துக்குப் போகிறது. எருசலேம் திருச்சபை வறுமையில் இருந்தபோது மாசிதோனியா, அக்காயா பகுதிகளின் பிற இனத்துக் கிறிஸ்தவர்களிடம் அவர் காணிக்கை திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்றபடி சேர்த்துவைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16). தாம் வந்தபின் அவசரமாக வசூலிக்க வேண்டாம் என்கிறார். கொண்டுபோகிறவர்களைக் கொரிந்தியரே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில், இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் தங்கள்மேல் குறை சொல்லிவிடக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாகத் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். தொடர்ந்து கொடுப்பது, சக்திக்கேற்பக் கொடுப்பது, கணக்குக் காட்டுவது ஆகிய மூன்றும் அங்கேயே இருக்கின்றன. கோவில் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் விசுவாசம் குறைவு என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

மேலே சொன்ன எய்ட் டு த சர்ச் இன் நீட் பிறந்த கதையும் இந்த இடத்தில் பொருந்தும். 1947இல் பெல்ஜியத்தில் அதைத் தொடங்கியவர் வெரென்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற டச்சுத் துறவி. இரண்டாம் உலகப் போர் முடிந்து, வீடிழந்து அகதிகளான ஜெர்மானியருக்காக ஃபிளாண்டர்ஸ் விவசாயிகளிடம் பன்றி இறைச்சி கேட்டுப் போனார். ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் நொந்துபோயிருந்த விவசாயிகள் அவர்கள். ஆனாலும் கொடுத்தார்கள். பேக்கன் (பன்றி இறைச்சி) பாதிரியார் என்ற பட்டப்பெயர் அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

சில வேளைகளில் தேவை சோறோ வீடோ அல்ல, வழக்கறிஞர். பாகிஸ்தானின் ஆசியா பீபி 2009இல் கைதானார், 2010இல் மரண தண்டனை பெற்றார், 2018 அக்டோபர் 31 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அத்தனை ஆண்டுகளும் வழக்கு நடத்தவும் குடும்பத்தை ஒளித்துப் பாதுகாக்கவும் யாராவது செலவு செய்தாக வேண்டும். நம் நாட்டிலேயே 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் 50,000க்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் வீடிழந்தார்கள். அந்த வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இதற்கெல்லாம் புகைப்படம் போட்டு நிதி திரட்ட முடியாது என்பதால் இவை எப்போதும் பின்தங்கிவிடுகின்றன.

செபத்தால் என்ன ஆகும்?

செபம் செய்தால் போதும், பணம் எதற்கு என்பவர்கள் உண்டு. பணம் கொடுத்தாயிற்று, செபம் என்ன செய்துவிடும் என்பவர்களும் உண்டு. முதலாமவர்களுக்கு யாக்கோபு பதில் சொல்லியிருக்கிறார்: பசித்தவரிடம் நலமாகப் போய் வயிறார உண்ணுங்கள் என்று வாழ்த்தி வெறுங்கையோடு அனுப்பினால் என்ன பயன் என்கிறார். இரண்டாவது கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். செபத்தைக் கடவுள் கேட்கிறார் என்பது நம் விசுவாசம். பேதுரு சிறையில் இருந்தபோது திருச்சபை அவருக்காக உருக்கமாக மன்றாடியதைத் திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. அதோடு, செபம் நம்மை மறக்கவிடாது. ஈராக் ஆயர்கள் வெளிநாடு போன இடத்திலெல்லாம் கேட்டது, எங்களை மறந்துவிடாதீர்கள் என்பதே. செய்தியில் வராத ஊரை வாரந்தோறும் பெயர் சொல்லி மன்றாடுகிற பங்கு, அந்த ஊருக்கு மூன்றாம் வருடமும் காணிக்கை அனுப்பும்.

பெயர் சொல்லி என்றேன். விசுவாசிகளின் மன்றாட்டில் “உலகெங்கும் துன்புறும் மக்களுக்காக” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதில் யார் முகமும் மனதில் வருவதில்லை. கராகோஷ், மோசுல், கந்தமால், மட்டக்களப்பு என்று ஊரின் பெயரைச் சொல்லலாம். அங்கே இப்போது என்ன நிலை என்று ஒரே ஒரு வரி சேர்க்கலாம். சொந்தமாக வார்த்தை வராதவர்களுக்குத் திருப்பாடல்கள் இருக்கின்றன. இன்னும் எவ்வளவு காலம் என்று ஆண்டவரிடமே முறையிடும் 13ஆம் திருப்பாடலைக் கண்ணீரோடு இருப்பவர்களின் வாயிலிருந்து வருவதாக நினைத்துச் சொல்லிப் பாருங்கள்.

துன்புறுத்துகிறவர்களுக்காகவும் செபிக்க இயேசு சொன்னார். மிகக் கடினமான கட்டளை இதுதான். தூரத்தில் பாதுகாப்பாக இருக்கும் நாம் அதை எளிதாகப் போதித்துவிடக் கூடாது. ஆனால் அதைச் செய்தவர்கள் கராகோஷிலேயே இருக்கிறார்கள். 2021 மார்ச் 7 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சீரமைக்கப்பட்ட அல்தாஹிரா பேராலயத்துக்கு வந்தபோது ஒரு தாய் எழுந்து பேசினார். 2014 ஆகஸ்ட் 6 காலை விழுந்த குண்டில் இறந்த சிறுவர்களில் ஒருவன் அவர் மகன். அந்தச் சாவுகள்தான் ஊரை எச்சரித்து மற்றவர்களைத் தப்பிக்க வைத்தன என்றார். கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த பிறகு, நம் செபக் கூட்டங்களில் ஒரு மதத்தார் எல்லாரையும் பழிக்கும் பேச்சுக்கு இடமே இல்லை. நம் வெறுப்பு அந்தப் பெண்ணுக்கு ஒரு உதவியும் செய்யாது. முஸ்லிம் அண்டை வீட்டாரோடு திரும்ப வாழப்போகிறவர் அவர்தான், நாம் இல்லை.

நடைமுறையில்

வாட்ஸ்அப்பில் இரத்தம் வழியும் படத்தோடு “இன்றே அனுப்புங்கள்” என்று வரும் செய்தியை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். பழைய படங்கள், வேறு நாட்டுப் படங்கள் அப்படிச் சுற்றுகின்றன. பதிவுபெற்ற அமைப்பா, ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் வெளியிடுகிறதா, அந்த ஊரில் எந்த மறைமாவட்டத்தோடு அல்லது சபையோடு வேலை செய்கிறது என்று பாருங்கள். மறைவாக வழிபடுகிற சபைகள் உள்ள நாடுகளைப் பற்றிப் பேசும்போது பெயர், முகம், இடம் எதையும் பகிராதீர்கள். நம் பரிவே அவர்களுக்கு ஆபத்தாகிவிடலாம்.

இந்தியாவிலிருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது. பங்கோ அறக்கட்டளையோ திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். அதற்குத் தனி விதிகள் உண்டு. புனித வெள்ளிக் காணிக்கை போல மறைமாவட்டம் வழியாகவே போகும் வழிதான் சாதாரண விசுவாசிக்குச் சுலபம். அதில் பத்து ரூபாய் போடும் இடத்தில் தெரிந்தே நூறு ரூபாய் போடலாம்.

பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்தில் தொடங்குவது நல்லது. எல்லா நாடுகளையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் ஒருவேளை உணவைத் தவிர்த்து மிச்சப்படுத்துவதை அதற்கென்று ஒதுக்குங்கள். ஆகஸ்ட் 6 போன்ற ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று அந்த மக்களுக்காகத் திருப்பலிக் கருத்து கொடுங்கள். சீர்திருத்த சபைகள் பல நவம்பர் மாதத் தொடக்க ஞாயிறுகளை இதற்கென்றே ஒதுக்குகின்றன, அவர்களோடு சேர்ந்தும் செபிக்கலாம். ஆண்டு முடிந்து அமைப்பின் அறிக்கை வந்ததும் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். எந்தப் பள்ளி, எத்தனை வீடு என்று தெளிவாக எழுதியிருந்தால் அடுத்த ஆண்டும் அங்கேயே கொடுங்கள். எழுதியிருக்காவிட்டால் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள்.